பசி வேளையில் எழுதிய ஆட்சேபம்

சென்ற மாதம், சட்டத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் அறிமுக வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் என்னை அறிமுகம் செய்த அதிகாரி, ஓர் அமைச்சகமே எதிர்த்து நின்றபோதும் சட்டத்தின் பக்கம் அசையாமல் நின்றவர் என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். அது அப்படி நடக்கவில்லை என்று சொல்லத்தான் நான் எழுந்தேன். அதற்குள் சமோசா வந்துவிட்டது, கேட்க ஆளில்லை. உங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நான்கைந்து பேர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். என் மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றிச் சொன்னால் நல்லது.

நம் வேலை உங்களுக்கு இப்போதுதான் பிடிபட ஆரம்பித்திருக்கும். நாடாளுமன்றம் சட்டத்தைச் சுருக்கமாக இயற்றிவிட்டு, மீதியை "விதிகளில் குறிப்பிடப்படும் முறையில்" என்று சொல்லி அரசின் கையில் விட்டுவிடும். சம்பந்தப்பட்ட அமைச்சகம் அந்த விதிகளை எழுதி நம்மிடம் அனுப்பும். சட்டம் கொடுத்த அதிகாரத்தைத் தாண்டி எங்காவது கை நீட்டியிருக்கிறார்களா என்று நாம் பார்க்க வேண்டும். பிறகு அரசிதழில் வரும், நாடாளுமன்றத்தின் மேசைக்குப் போகும், அங்கே உறுப்பினர்களின் குழு ஒன்று மறுபடி துருவும். என் மனைவி ஊரில் எல்லோரிடமும் "அவரு தில்லியில சட்டம் எழுதுறாரு" என்றே சொல்லி வந்தாள். நான் திருத்தவில்லை. உண்மையில் நான் மற்றவர்கள் எழுதியதில் காற்புள்ளியை இடம் மாற்றிவைத்துவிட்டு, மாலை பஸ் பிடித்து மோதி பாக் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் எங்கள் அலுவலகக் கட்டடத்தில் மராமத்து வேலை தொடங்கியது. வெளியே சாரம் கட்டி, நாள் முழுக்கச் சுவரை இடித்தார்கள். மணல் சுமந்த பெண்களில் ஒருத்தி அஞ்சலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. அவளுடைய இரண்டு வயதுப் பெண் மீனா, எங்கள் தளத்து வராண்டாவில் கோப்பு அலமாரிகளுக்கு நடுவே விளையாடுவாள். விளையாடும்போது ஒன்றுமில்லை. அம்மா நினைவு வந்தால் அழுவாள். என் அறைக்கு நேர் வெளியேதான் அவளுக்கு அம்மா நினைவு வரும்.

ஒருநாள் அஞ்சலையை நிறுத்தி, பிள்ளையை இங்கே விடாதே என்று சொன்னேன். தமிழில் சொன்னதால் அன்பாகச் சொன்னதாக எனக்கு நினைப்பு.

"எங்கய்யா உடச் சொல்றீங்க?" என்றாள். "மேல தூக்கினு போனா சாரத்துல கால வெக்கிது. கீழ உட்டா லாரி வருது. உங்க வராண்டாவுலதான் லாரி வராது."

 பதில் கிடைக்காதபோது அரசு ஊழியன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். எங்கள் தளத்து ஆட்கள் எல்லோரும் சேர்ந்து கட்டடப் பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு புகார் அனுப்பினோம். வாசகம் என்னுடையது. "அங்கீகரிக்கப்படாத சிறார் நடமாட்டம்" என்று எழுதினேன். நல்ல வாசகம் என்று பக்கத்து அறைக்காரர் பாராட்டினார். பராமரிப்புப் பிரிவு எதையும் படிக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததால், எழுதியதோடு மறந்துவிட்டோம்.

அந்த வாரமே அந்தக் கோப்பு வந்தது. கட்டுமான இடங்களில் வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்கிற ஒரு சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட விதிகள். சட்டத்தின் பெயர் உங்களுக்கு வேண்டாம். கோப்பு கணினி வழியாகத்தான் வந்தது, ஆனாலும் அமைச்சகத்தின் இயக்குநர் நேரிலும் வந்துவிட்டார். அமைச்சர் ஒரு விழாவில் அறிவிக்கப்போகிறார், மாலைக்குள் வேண்டும், ஜல்தி என்றார். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போன நேரம். அவர் என் எதிரே உட்கார்ந்துகொண்டு யாருடனோ போனில் பேசினார். "ஏக் மதராஸி பாபு ஹை, அபி கர் தேகா" என்றார். ஒரு மதராஸி குமாஸ்தா இருக்கிறான், இப்போதே முடித்துக் கொடுத்துவிடுவான். என் இந்தி மோசம் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் என்னைப் பற்றிப் பேசினால் மட்டும் எனக்கு எந்த மொழியும் புரிந்துவிடும்.

என்ன செய்தேன் தெரியுமா? முதல் பக்கத்தில் கண்ணில் பட்ட முதல் வரியைப் பிடித்தேன். அது ஒரு வரையறை. "பெண் தொழிலாளி என்பவர், முதன்மை ஒப்பந்தக்காரரால் நேரடியாகப் பணியமர்த்தப்பட்டவர்." அதற்கு எதிரே, "இந்த வரையறை சட்டம் அளித்த அதிகாரத்துக்குள் அடங்குகிறதா என்று பரிசீலிக்கலாம்" என்று தட்டி, மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். எந்தக் கோப்பிலும் எந்த வரிக்கு எதிரிலும் இதை எழுதலாம். அர்த்தம் ஒன்றும் கிடையாது, கோப்பு மட்டும் இரண்டு நாள் நிற்கும். இயக்குநரிடம் மேடத்தைப் பாருங்கள் என்று பணிவாகச் சொல்லிவிட்டு தயிர்ச்சாதத்தைத் திறந்தேன். அன்று அது அவ்வளவு ருசியாக இருந்தது.

மேடம் என்று நான் சொல்வது அப்போதைய எங்கள் தலைமை அதிகாரி. பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து அதை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருப்பார். கடைக்குப் போய்ச் சரிசெய்ய அவருக்கு நேரம் வந்ததே இல்லை. மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டனுப்பினார். பிற்பகல் அமைச்சகத்துக்காரர்கள் வருகிறார்கள், உன் ஆட்சேபத்தை நீயே விளக்கு என்றார்.

அந்தச் சட்டத்தை நான் அதற்குப் பிறகுதான் முதன்முதலாகப் படித்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விதிகளைப் படிப்பவர்கள் பெரும்பாலும் விதிகளை மட்டுமே படிக்கிறோம். சட்டம் "ஒவ்வொரு பெண் தொழிலாளியின்" குழந்தைக்கும் என்று சொன்னது. கட்டட வேலையில் முதன்மை ஒப்பந்தக்காரர் நேரடியாக யாரையும் வைத்துக்கொள்வதில்லை. எல்லோரும் ஒரு டேக்கேதாரின் ஆட்கள், ஆள் பிடித்து வருகிற சில்லறை ஒப்பந்தக்காரன் கீழ் வருபவர்கள். அந்த ஒரு வரையறையால் சட்டம் முழுவதும் காலியாகிவிட்டிருந்தது. தயிர்ச்சாதத்துக்காக நான் வீசிய கல் சரியாகப் போய் விழுந்திருந்தது.

சந்தோஷப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். பயந்துபோனேன். ஆட்சேபம் வெறும் சொல்லாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் பின்வாங்கலாம். உண்மையாக இருந்தால் அதற்காக நிற்க வேண்டும். "மேலும் பரிசீலித்ததில் ஆட்சேபம் இல்லை" என்று ஒரு குறிப்பு எழுதி, வரைவாகச் சேமித்து வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடும்.

கூட்டத்தில் இயக்குநர் நன்றாகவே வாதாடினார். நடைமுறை என்று ஒன்று இருக்கிறது, டேக்கேதாரின் ஆட்கள் இன்று இங்கே இருப்பார்கள் நாளை வேறெங்கோ இருப்பார்கள், எல்லோருக்கும் காப்பகம் என்றால் எவனும் வைக்க மாட்டான் என்றார். ஜன்னலைக் காட்டினார். இந்தக் கட்டடத்திலேயே பாருங்கள், வெளியே மணல் சுமப்பவர்களில் ஒருத்தியாவது நேரடி ஆளா என்று கேட்டார்.

மேடம் என்னைப் பார்த்தார். நான் அந்த ஜன்னலைப் பார்த்தேன். எனக்குத் தோன்றியதை உள்ளபடி சொல்கிறேன். நீதி, நியாயம் எதுவும் தோன்றவில்லை. இந்த விதி இப்படியே போனால் அந்தக் குழந்தை என் அறை வாசலை விட்டு ஒருநாளும் போகாது என்று தோன்றியது. உடனே, வரையறை சட்டத்தைத் தாண்டுகிறது, நீக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். குரல் உறுதியாக இருந்தது என்று பிறகு சொன்னார்கள். அந்த உறுதியைத்தான் உங்கள் வகுப்பில் மேடையேற்றினார்கள்.

அவர்கள் போன பிறகு மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கோபத்தில் எழுதினாயா?" என்று கேட்டார்.

"பசியில், மேடம்."

அவர் சிரிக்கவில்லை. "காரணம் மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதியது சரியா என்று பார். சரியாக இருந்தால், நல்ல காரணம் வந்து சேரும் வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டிரு" என்றார்.

பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை. அமைச்சகம் விஷயத்தை மேலே கொண்டுபோனது. இது கொள்கை முடிவு, பொறுப்பு எங்களுடையது என்று எழுதி வாங்கி வந்தார்கள். நாம் சொல்வது ஆலோசனைதான், ஆணை அல்ல. மேடம் எங்கள் கருத்தைக் கோப்பில் பதிவு செய்தார். சொல்லமைப்பைச் சரிபார்த்து நான் கையெழுத்திட்டேன். விதிகள் அந்த வரையறையோடு அரசிதழில் வந்தன. அமைச்சர் விழாவில் அறிவித்தார், இனிப்பு டப்பா ஒன்று எங்களுக்கும் வந்தது. அதையும் தின்றேன்.

அதற்குச் சில வாரம் கழித்து, யாரும் படிக்க மாட்டார்கள் என்று நாங்கள் நம்பியிருந்த புகாரைப் பராமரிப்புப் பிரிவு படித்துவிட்டது. வாசகம் தெளிவாக இருந்ததால் ஆணையும் தெளிவாக வந்தது. காவலாளி மீனாவை வராண்டாவிலிருந்து கீழே அனுப்பிவிட்டார். அஞ்சலை அவளை மணல் குவியலின் ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு மேலே போனாள். சாரத்திலிருந்து ஒரு பலகை நழுவி விழுந்தது. குழந்தையின் வலது கை உடைந்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சிரிப்பதற்கு எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அரசு மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். துணைக்குப் போனதாகச் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அங்கே என்னால் ஒரு பயனும் இல்லை. அஞ்சலையின் இந்தி என் இந்தியைவிட நூறு மடங்கு மேல். டாக்டர் சொன்னதை அவள்தான் எனக்குத் தமிழில் சொன்னாள். கட்டுப் போட்டு வெளியே வந்ததும் ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரைப் பிடித்தேன். காப்பகம் வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, தெரியுமா என்று கேட்டேன். அவன் மரியாதையாகத்தான் பேசினான். போனை எடுத்து விதிகளைத் திறந்து, அந்த வரையறையை எனக்குப் படித்துக் காட்டினான். இவள் எங்கள் ஆள் இல்லை ஸாப், டேக்கேதாரின் ஆள் என்றான். நான் காற்புள்ளி சரிபார்த்த வரி அது. ஒரு பிழையும் இல்லாமல் இருந்தது.

"அந்த ரூலு யாரு போட்டதுய்யா?" என்று அஞ்சலை கேட்டாள்.

அரசாங்கம் என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். நல்ல காரணம் எனக்கு அங்கே வந்து சேர்ந்தது.

நாடாளுமன்றக் குழு அந்த விதிகளைக் கையில் எடுத்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. மேசைக்கு வரும் எல்லா விதிகளையும் அவர்கள் பார்ப்பார்கள், அவர்கள் கண்ணிலும் அந்த வரையறை பட்டது. அமைச்சகத்தை விசாரணைக்கு அழைத்தார்கள். நம் துறையிலிருந்தும் ஒருவர் வர வேண்டும் என்றார்கள். மேடம் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். கையெழுத்து என்னுடையதாக இருந்ததால் நான் போனேன். அந்த அறையில் நடந்ததை, குழுவின் அறிக்கை அவையில் வைக்கப்படும் வரை யாரும் வெளியே சொல்லக் கூடாது. அது எப்போதோ வைக்கப்பட்டுவிட்டதால் சொல்கிறேன்.

போவதற்கு முன் மேடத்துக்குப் போன் செய்தேன். நாம் அன்றே எச்சரித்தோம் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். சொன்னால் நான் தப்பிப்பேன். ஆனால் துறைகள் தங்களுக்குள் கோப்பில் பேசிக்கொண்டதை வெளியே போட்டுடைத்தால், நாளை எந்த அமைச்சகமும் நம்மிடம் மனம்விட்டு எதையும் கேட்காது. சொல்லாவிட்டால் சட்டத்தை மீறிய விதிக்கு நானும் உடந்தை. மேடம், "கோப்பைப் பற்றிக் கேட்டால் சட்டத்தைப் படி" என்று சொல்லிவிட்டு, பிரஷர் குக்கர் கூவுகிறது என்று போனை வைத்துவிட்டார்.

குழுத் தலைவர் வயதானவர், கிராமத்துத் தொகுதிக்காரர், இந்தியில்தான் பேசுவார். இயக்குநர் தன் பக்கத்தை விளக்கிவிட்டு, சட்டத் துறை சரிபார்த்த பிறகுதான் வெளியிட்டோம் என்று முடித்தார். அது பொய்யில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீர்க் கோப்பையை எடுக்கப் போய், பக்கத்திலிருந்தவரின் கோப்பையை எடுத்துக் குடித்துவிட்டேன்.

கையெழுத்து உங்களுடையதா என்று தலைவர் கேட்டார். ஆமாம் என்றேன். அப்போது உங்களுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லையா என்றார்.

"கோப்பில் என்ன பேசிக்கொண்டோம் என்பதை அமைச்சகம்தான் சொல்ல வேண்டும், ஐயா. சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதை வேண்டுமானால் நான் படிக்கிறேன்" என்றேன்.

படியுங்கள், இந்தியில் படியுங்கள் என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஆங்கிலப் பிரதியைத்தான் தயார் செய்து வந்திருந்தேன். யாரோ இந்திப் பிரதியைத் தள்ளினார்கள். எழுத்துக் கூட்டி, "ப்ரத்யேக் மஹிளா கர்ம்கார்" என்று பெண் தொழிலாளி பற்றிய அந்த வரியை வாசித்தேன். என் உச்சரிப்பைக் கேட்டு ஒன்றிரண்டு உறுப்பினர்கள் குனிந்துகொண்டார்கள். தலைவர் புன்னகையோடு, "ப்ரத்யேக் என்றால் என்னவென்று தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

கேலிக்குத்தான் கேட்டார்.  மனதில் இருந்தது அப்படியே வெளியே வந்துவிட்டது.

"இந்தியில் 'ஒவ்வொரு' என்று அர்த்தம், ஐயா. எங்கள் தமிழிலும் பிரத்யேகம் என்று ஒரு சொல் உண்டு. அங்கே அதற்குத் தனிப்பட்ட சிலருக்கு மட்டும் என்று அர்த்தம். விதியை எழுதியவர்கள் தமிழ் அர்த்தத்தை எடுத்துக்கொண்டுவிட்டார்கள் போலிருக்கிறது."

 வேலை போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் மாறியது. இயக்குநர் பக்கம் திரும்பினார்.

"ஒவ்வொரு பெண்ணுக்கும் என்று நாங்கள் அவையில் உட்கார்ந்து எழுதினோம். அதைச் சிலருக்கு என்று மாற்ற உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?"

இயக்குநர் காகிதங்களைப் புரட்டினார். பிறகு புரட்டுவதை நிறுத்தினார். "சட்டத் துறை இதை அப்போதே சொன்னது, ஐயா. நாங்கள்தான் கொள்கை என்று எடுத்துக்கொண்டோம். தவறு எங்களுடையது" என்றார்.

அவர் அதைச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. வெளியே லிஃப்டுக்குக் காத்திருந்தபோது, நீங்கள் கோப்பைத் திறந்து காட்டியிருந்தால் நான் கடைசி வரை சண்டை போட்டிருப்பேன் என்றார். இருவரும் கீழே போய் டீ குடித்தோம். 'மதராஸி பாபு' என்று அன்று அவர் போனில் பேசியதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவர் மட்டும் என்னவாம், பெரிய பாபுதானே.

குழு அந்த வரையறையை நீக்கச் சொன்னது, அமைச்சகம் ஏற்றுக்கொண்டது. திருத்திய விதிகளை முழுவதுமாக எழுதும் வேலை என்னிடம் வந்தது. முதன்முறையாக ஒவ்வொரு வரியையும் மணல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யோசித்தேன். யார் தூக்குவார்கள், யார் வாசலில் நிற்பார்கள், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றெல்லாம். அரசிதழில் வருவதற்குள் எங்கள் கட்டடத்து வேலை முடிந்துவிட்டது. அஞ்சலை நொய்டா பக்கம் போய்விட்டதாக டேக்கேதார் சொன்னான். அவளுடைய நம்பர் வேறு யாருக்கோ போயிருந்தது. மீனாவுக்கு ஒரு காப்பகம் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. உங்கள் வேலையிலும் இது அப்படித்தான் இருக்கும். நீங்கள் எழுதுவது யாரோ ஒருவருக்குப் போய்ச் சேரும். யாருக்காக எழுதத் தொடங்கினீர்களோ, பெரும்பாலும் அவருக்குப் போகாது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் துவாரகாவில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். வழியில் பெரிய கட்டுமான இடம் ஒன்று. தகர வேலிக்கு உள்ளே நீலக் கூரை போட்ட கொட்டகை, வாசலில் குழந்தைகள் காப்பகம் என்று இந்தியில் பலகை. உள்ளே ஏதோ ஒரு குழந்தை அழுதது, யாரோ சமாதானப்படுத்தினார்கள். எனக்குக் கால் தானாக அங்கே போனது. காவலாளி கையை நீட்டி நிறுத்தினார். பீகார் பக்கத்து ஆள், என் மகன் வயது இருக்கும்.

எந்தக் குழந்தைக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எந்தக் குழந்தைக்கும் இல்லை, சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். பெற்றோர், ஊழியர், ஆய்வாளர் தவிர யாரையும் உள்ளே விடக் கூடாது, ரூல் இருக்கிறது ஸாப் என்றார். எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. அந்த ரூலை எழுதியதே நான்தான் என்று என் இந்தியில் சொன்னேன்.

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். வெயிலில் நின்றதால் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். தன் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"தோ ஃபிர் ஆப்கோ பதா ஹோகா, ஸாப்" என்றார். அப்படியென்றால் உங்களுக்கே தெரிந்திருக்குமே.

தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தபடி அந்த விதியை மனதுக்குள் ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்த்தேன், எங்காவது ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறேனா என்று. இல்லை. எழுந்து அவருக்கு நன்றி சொல்லிவிட்டு மெட்ரோ நிலையத்தை நோக்கி நடந்தேன்.